எல்லாம் குளவி இல்லை: கூட்டைப் பார்த்து ஆளை அறிவது (கொழும்பும் சுற்றுவட்டமும்)

#1 கூடுபார்ப்பான்

"குளவிக்கூடு, என்ன செய்யலாம்?" என்று இங்கே அடிக்கடி படம் வருகிறது. அதில் பாதி குளவியே இல்லை. மீதியில் பெரும்பகுதி மனிதரைத் தேடி வந்து கொட்டாத தனிக்குளவி, அதாவது கூட்டமாக வாழாமல் தனியாகக் கூடு கட்டுவது. பயப்பட வேண்டியது ஒன்றோ இரண்டோதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். சிங்களத்தில் தெபரா, பம்பரா, கும்பலா என்று மூன்று பெயர் இருக்க, நாங்கள் மூன்றையும் "குளவி" என்கிறோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் "குளவிக் கொட்டுக்கு இலக்கானார்கள்" என்று வரும் செய்திகளில் பல, உண்மையில் பம்பரா. அது பெருந்தேனீ. சிகிரியாவில் சத்தம் போடாதே என்று எச்சரிப்பதும் அந்தத் தேனீக்காகத்தான்.

பூச்சியைத் துரத்திப் படம் எடுக்க முதல் கூட்டைப் பாருங்கள். கூடு ஓடாது.

திறந்த ஒற்றை அடை, அரைவட்டமாகத் தொங்குகிறது, மேலே பூச்சிகள் திரைபோல மூடியிருக்கின்றன, கிட்டப் போனால் அந்தத் திரையில் அலை ஓடுகிறது: பெருந்தேனீ. உயர்ந்த மரக்கொப்பு, தண்ணீர்த் தாங்கி, மாடிக் கட்டடத்தின் வெளிவிளிம்பு.

சாம்பலும் மண்ணிறமும் வரிவரியாகக் கலந்த கடதாசி உருண்டை, உள்ளே அடை தெரியாது, பக்கத்தில் ஒரு வாசல்: தெபரா, அதாவது வெஸ்பா அஃபினிஸ். உடல் கறுப்பு. வயிற்றின் முதல் இரண்டு கணுவும் செம்மஞ்சள், பின்பாதி முழுக் கறுப்பு. வேலைக்காரி இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டும். இராணி மூன்றை எட்டும்.

அதே கடதாசி, ஆனால் உறை இல்லை. குடையைக் கவிழ்த்தாற்போல ஒரு காம்பில் தொங்கும் சிறு அடை, அறைகளுக்குள் புழு கண்ணுக்குத் தெரியும்: ரொபலிடியா இனம். செம்மண்ணிறம், ஒரு சென்ரிமீற்றரைவிடச் சற்று நீளம். யன்னல் மேற்சட்டம், பீலியின் அடிப்பக்கம், குரோட்டன் செடி.

மண்: தனிக்குளவி. கும்பலா என்பது இதைத்தான்.

மரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டத்துளை, கீழே மரத்தூள்: குளவி அல்ல, கருவண்டு. தச்சுத்தேனீ என்றும் சொல்வார்கள். ஆண் வண்டு முகத்துக்கு நேரே வந்து மிரட்டும். அதற்குக் கொடுக்கே இல்லை.

#2 வெள்ளவத்தை_மாடி

ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில மண்ணால ஐந்து குழாய் ஒட்டினமாதிரி இருக்கு. மேல மண் பூசி மெழுகியிருக்கு. பூச்சி கறுப்பும் மஞ்சளும், இடுப்பு நூல்மாதிரி. பல்கனியில பிள்ளைகள் விளையாடுறதால கேக்கிறன். உடைக்கலாமா?

#3 கூடுபார்ப்பான்

அக்கா, அது ஸ்கெலிஃப்ரொன் என்ற மண்குளவி. இடுப்பு நூல்போல நீண்டு, காலில் மஞ்சள் வளையம் இருந்தால் வேறு ஆள் இல்லை. இது கூட்டைக் காவல் காக்காது. அறையில் சிலந்திகளை அடைத்து, முட்டை வைத்து, மூடிவிட்டுப் போய்விடும். கையில் பிடித்து நசுக்கினால் மட்டும் கொட்டும். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

உடைப்பதற்கு முதல் துளைகளைப் பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் பென்சில் முனை நுழையும் ஒழுங்கான வட்டத்துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, கூடு வெறும் மண். துளையே இல்லையென்றால் உள்ளே புழு. சில கிழமை பொறுக்கலாம். ஊசியால் குத்தினாற்போலச் சிறு துளைகள் இருந்தால் உள்ளே இருந்தது மெலிற்றோபியா. கொசுவைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவி, ஸ்கெலிஃப்ரொனின் புழுவைத் தின்று கூட்டமாக வெளியே வரும். அதுவும் உங்களுக்கு ஒன்றும் செய்யாது.

கழற்றும்போது காய்ந்த மண்ணைச் சுரண்டினால் சுவர்ப்பூச்சும் சேர்ந்து வரும். துணியை நனைத்துப் பத்து நிமிடம் மேலே ஒத்தி வைத்து, மண் இளகியதும் புட்டிக் கத்தியைச் சுவரோடு படுக்கையாக வைத்துத் தள்ளுங்கள். கறை சவர்க்காரத் தண்ணீரில் போகும்.

பெட்டிக்குப் பக்கத்தில் கட்டினால் பரவாயில்லை. ஏசியின் தண்ணீர் வடியும் குழாய் வாய்தான் ஆபத்து. அடைபட்டால் தண்ணீர் திரும்பி அறைச் சுவரில் இறங்கும். குழாய் வாய்க்கு நுளம்பு வலைத்துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வெளியில் இருக்கும் பாவிக்காத பிளக் துளைகளுக்கும் மூடி போடுங்கள். சின்ன விசயமாகத் தெரியும். 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் பிர்கன்எயார் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்ததற்கு, வேகம் அளக்கும் குழாய் ஒன்று அடைபட்டிருந்தது காரணம். அடைத்தது மண்குளவியாக இருக்கலாம் என்பதுதான் விசாரணையாளர்களின் ஊகம்.

#4 பழையகணக்கு

இந்த மண்கூட்டுக் குளவியைத்தானே வேட்டுவன் என்பது? புழுவைக் கொண்டுபோய் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல ஆக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். குருவும் சீடனும் என்று கோயில் பிரசங்கத்திலும் வரும். அதில் உண்மை எவ்வளவு?

#5 ஆறுகால்

ஐயா, பார்த்ததில் பிழை இல்லை, முடிவில்தான் பிழை. பச்சைப்புழு உள்ளே போகிறது, வாசல் மூடப்படுகிறது, சில கிழமையில் அதே பானையிலிருந்து குளவி வருகிறது. இடையில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. புழு குளவியாகவில்லை, குளவியின் குஞ்சுக்குச் சாப்பாடாகியது.

ஆனால் கதையில் வருவது #3இல் சொன்ன ஸ்கெலிஃப்ரொன் அல்ல, அது சிலந்தி மட்டும்தான் பிடிக்கும். புழு பிடிப்பது குயவக்குளவி. டெல்டா பிரிஃபோர்மே போன்றவை. குறுகிய கழுத்தும் விரிந்த வாயுமாகச் சட்டிபோலவே கட்டும், பிறகு சட்டிகளைச் சேர்த்து மெழுகிவிடும். இது முட்டையை முதலில் வைக்கும். கூரையிலிருந்து மெல்லிய நூலில் முட்டையைத் தொங்கவிட்டு, அதன் பிறகே கொட்டி மயக்கிய புழுக்களை அடைக்கும். புழு நெளிந்தாலும் முட்டை நசியாது.

ஏன் கொல்லாமல் மயக்குகிறது? கொழும்பு வெக்கையில் செத்த புழு எத்தனை நாள் தாங்கும்? உயிரோடு, அசையாமல் இருந்தால் கெடாது. குளிர்ப்பெட்டி இல்லாத பாதுகாப்பு.

ஒரு கொசுறு. அந்தப் பானையிலிருந்து சிலவேளை பளபளக்கும் நீலப்பச்சைக் குளவி வரும். வேட்டுவன் நிறம் மாறியதில்லை. ஸ்ரில்பம் என்ற குயில்குளவி, மூடிய கூட்டுக்குள் தன் முட்டையைச் செருகிவிட்டுப் போயிருக்கும். தொட்டால் பந்துபோலச் சுருளும். பழைய ஸ்கெலிஃப்ரொன் கூட்டைத் திருத்திக் குடியேறும் கருநீலக் குளவி வேறு, அது கலிபியன். வாசலை அடைத்த மண்ணின்மேல் வெள்ளை பூசியிருந்தால் அதன் வேலை. பூசுவது சுண்ணாம்பு அல்ல, பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி.

#6 பழையகணக்கு

எச்சத்தால் வெள்ளையடிப்பா! சரி, நன்றி பிள்ளை.

#7 தெகிவளை_மாமரம்

அவசரம். மாமரத்தில ஏறக்குறைய 15 அடி உயரத்தில கடதாசி உருண்டை, உதைபந்தைவிடப் பெரிசு. பூச்சி #1இல சொன்ன மாதிரியே கறுப்பும் செம்மஞ்சளும். இரவில மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடிச்சா முடிஞ்சிடும் எண்டு பக்கத்து வளவில சொல்லுகினம். ஒருத்தர் ஏணி கூடத் தாறாராம்.

#8 கூடுபார்ப்பான்

ஏணியைத் திருப்பிக் குடுங்கோ தம்பி.

பந்தம் ஏன் கூடாது என்றால், கடதாசி உறை பல அடுக்கு. வெளி அடுக்கு பற்றி எரிய, உள்ளே இருப்பவை வாசலாலும் கிழிந்த இடத்தாலும் வெளியே விழும். ஏணியில் நிற்பவர்மேல். இரவில் அவை வெளிச்சத்தை நோக்கி வரும், வெளிச்சம் உங்கள் கையில். கொட்டினால் விடத்தோடு ஓர் எச்சரிக்கை மணமும் வெளிப்படும், அது மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை அடித்து நசுக்குவதும் இதே காரணத்தால் பிழை.

மரக்கொப்பு வெட்டுதல், புல்வெட்டும் இயந்திரம், கல்லெறி, வேலியில் ஆணி அடித்தல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அதிர்வுதான் கிளப்பும். மரத்தின் கீழ் நடைபாதை இருந்தால் கயிறு கட்டி மறித்து ஒரு பலகை தொங்கவிடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். தபால்காரருக்கும் தேங்காய் பறிக்க வருபவருக்கும் வாயாலும் சொல்லுங்கள்.

அகற்றத்தான் வேண்டுமென்றால் உடையுள்ள பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் இரண்டு கேள்வி. முழு உடுப்பும் முகவலையும் உண்டா? கூட்டை எப்படி எடுப்பீர்கள்? இருட்டியபின், வாசலுக்குள் மருந்துத்தூள் செலுத்தி, அசைவு அடங்கியபின் பையால் மூடி, கொப்போடு வெட்டி இறக்குவதுதான் ஒழுங்கு. "பெற்றோல் ஊத்திறது" என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள்.

#9 பொல்கொடை_ஓரம்

அகற்றத்தான் வேண்டுமா? 15 அடியில், யாரும் போகாத மூலையென்றால் விடலாம். தெபரா ஈ, மயிர்க்கொட்டி, வண்டு எல்லாம் பிடிக்கும். மீன்கடையில் சுற்றுவதும் அதே வேலைக்குத்தான். வளர்ந்த குளவிக்கு அந்த மெல்லிய இடுப்பால் திண்மமான உணவு இறங்காது. இறைச்சியை மென்று உருட்டிக் கொண்டுபோவது புழுக்களுக்கு. புழு பதிலுக்குச் சத்துநீர் உமிழும், அதையும் பூந்தேனையும் குடித்துத்தான் பெரியவை வாழும்.

#10 கூடுபார்ப்பான்

ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வீட்டுத் தோட்டத்தில் 15 அடி உயரம் "தள்ளி" அல்ல. மாங்காய்க் காலத்தில் தடியோடு யாராவது அங்கே வருவார்கள், பள்ளிப் பிள்ளை கல் எறியும். பெரிய வளவின் கோடி, சதுப்போரம், கோயில் அரசமரத்தின் உச்சி என்றால் விடலாம். நகர வீட்டு மாமரம் என்றால் என் வாக்கு அகற்றுவதற்கு. தேனீ வளர்ப்பவர்களும் என் பக்கம்தான் நிற்பார்கள், தெபரா பெட்டி வாசலிலேயே தேனீயைப் பிடிக்கும்.

அடுத்த முறைக்கு: தெபராக்கூடு தொடங்கும்போது இராணி தனியாள். கூடு எலுமிச்சை அளவு, குடுவையைக் கவிழ்த்தாற்போலக் கீழே நீண்ட குழாய். பிறகுதான் உருண்டையாகும். குடுவை நிலையில் கண்டால் பாதி வேலை மிச்சம்.

#11 இரவுப்பணி_தாதி

யாரும் முதலுதவி எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் தூரம். முகத்தைத் துணியால் மூடி, ஓடி, ஒரு வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்க் கதவை மூடுங்கள். தண்ணீருக்குள் குதிக்க வேண்டாம், தலையை வெளியே எடுக்கும்போது மேலே நிற்கும்.

தோலில் கொடுக்கு நிற்கிறதா பாருங்கள். நின்றால் கொட்டியது தேனீ, நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்து எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு கெதியாக எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால்தான் ஒன்றே பலதரம் கொட்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றுங்கள், வீங்கியபின் கழற்ற ஏலாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வெங்காயம் ஒன்றும் வேண்டாம். விடம் தோலுக்குள் போய்விட்டது, மேலே பூசுவது அதைத் தொடாது, புண்தான் வரும்.

இவை வந்தால் ஒரு கொட்டாக இருந்தாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்: கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் அடைப்பு, மூச்சு முட்டு, தலைச்சுற்று, விடாத வாந்தி. அட்ரினலின் பேனா எழுதிக் கொடுக்கப்பட்டவர் என்றால் அதுதான் முதல், தொடையின் வெளிப்பக்கத்தில். அலர்ஜிக் குளிசை அதற்கு மாற்று அல்ல. மயக்கம் வருபவரை எழுப்பி இருத்த வேண்டாம், படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்தான் கஷ்டம் என்றால் மட்டும் இருக்கவிடுங்கள்.

பல கொட்டு என்றால் கதை வேறு. அலர்ஜி இல்லாவிட்டாலும் விடத்தின் அளவே தசையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இதயத்தையும் தாக்கியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனாலோ குறைந்தாலோ ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள். எத்தனை கொட்டு, எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

#12 தெகிவளை_மாமரம்

ஏணி திரும்பிப் போட்டுது. ஆட்களுக்குச் சொல்லியிருக்கு.

#13 குசினி_யன்னல்

இது குளவியா ஈயா தெரியேல்ல. சின்னக் கறுப்பு, அரைச் சென்ரிமீற்றருக்கு மேல. குசினிச் சுவரில நடக்கும், பின்பக்கம் கொடிமாதிரி மேலும் கீழும் ஆடும். கால் நீளம். நாளுக்கு ஒண்டாவது.

#14 ஆறுகால்

எவானியா அப்பெண்டிகாஸ்டர், கொடிக்குளவி. வயிறு சின்னக் கோடாரித் தகடுபோல முதுகிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்களைக் கொட்டாது. கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள், அந்த மண்ணிறப் பயறு போன்றதற்குள், முட்டை வைக்கும். ஒரு புழு ஒரு கூட்டின் முட்டை முழுவதையும் தின்று முடிக்கும். நாளுக்கு ஒன்று தெரிந்தால் கரப்பான் நிறைய உண்டு என்று அர்த்தம், அடுப்புக்குப் பின்னும் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழும் பாருங்கள். ஆனால் கொடிக்குளவி இருக்கும்போது ஸ்பிரே அடித்தால் முதலில் சாவது அதுதான்.

ஈயா குளவியா என்ற சந்தேகத்துக்கு: ஈக்குச் சிறகு இரண்டு, உணர்கொம்பு குட்டை, கண் தலை முழுக்க. குளவிக்குச் சிறகு நான்கு, உணர்கொம்பு நீளம், இடுப்பு இறுகல். தெபரா, ரொபலிடியா, குயவக்குளவி மூன்றும் உட்காரும்போது முன்சிறகை நீளவாக்கில் மடிக்கும், சிறகு ஒடுங்கித் தெரியும். ஸ்கெலிஃப்ரொன் மடிக்காது.

கரப்பான் பேச்சு வந்ததால் இன்னொன்று. பச்சைநீலமாக மினுங்கும், நடு, பின் காலின் தொடை சிவப்பு: அம்புலெக்ஸ் கொம்ப்ரெஸ்ஸா. கரப்பானின் நெஞ்சில் முதல் கொட்டு, முன்கால் சற்று நேரம் தளரும். இரண்டாவது தலைக்குள், மூளைக்கே. கரப்பான் ஓடத் தெரியும், ஆனால் ஓடத் தொடங்காது. குளவி அதன் உணர்கொம்பை அரைவாசியில் வெட்டி, வடியும் நீரைக் குடித்து, மிச்சக் கொம்பைப் பிடித்து மாட்டைக் கயிற்றில் கொண்டுபோவதுபோல நடத்திப் போகும். பொந்தில் விட்டு, காலடியில் ஒரு முட்டை ஒட்டி, வாசலைக் கல்லால் அடைக்கும். 1941இல் ஹவாயில் கரப்பானை ஒழிக்க இதைக் கொண்டுபோய் விட்டார்கள். பெரிதாகப் பலன் இல்லை. ஒவ்வொன்றாக வேட்டையாடினால் எத்தனையைப் பிடிக்கும்?

#15 பொல்கொடை_ஓரம்

பலன் தந்ததையும் எழுதுங்கள். 2008இல் பப்பாசி மாப்பூச்சி இலங்கைக்குள் வந்தது. பப்பாசி, மரவள்ளி, செவ்வரத்தை எல்லாம் வெள்ளையாக மூடியது. அந்த வெள்ளை பூச்சியின் மெழுகு, மருந்து அதற்குள் இறங்காது. பிறகு அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை வெளிநாட்டிலிருந்து எடுத்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. கடுகைவிடச் சின்னது, கொட்டாது. 1970களில் தென்னோலையைச் சுரங்கம் குடையும் வண்டு வந்தபோதும் இறக்குமதி செய்த ஒட்டுண்ணிக் குளவிதான் கைகொடுத்தது.

பப்பாசி இலையைத் திருப்பிப் பாருங்கள். மாப்பூச்சிகளில் சில உப்பி, காய்ந்து, மண்ணிறமாகி, முனையில் வட்டத்துளையோடு இருந்தால் குளவி வேலை செய்கிறது, மருந்து அடிக்காதீர்கள். மோசமான இலையை மட்டும் வெட்டுவதென்றாலும் எரிக்க வேண்டாம், மரத்தடியில் ஒரு கிழமை விடுங்கள். உள்ளே இருக்கும் குளவி வெளியே வரட்டும்.

#16 பழையகணக்கு

அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்கிறோமே, அதுவும் குளவியா?

#17 ஆறுகால்

பெரும்பாலும் ஓம் ஐயா. அத்தியின் பூக்கள் பழத்துக்கு உள்ளே. பெண்குளவி மேல்வாயால் நுழையும்போது சிறகு பிய்ந்துவிடும், மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டை வைத்து உள்ளேயே சாகும். ஆண்களுக்குச் சிறகே இல்லை. பிறந்து, கூடி, வெளியேற வழி குடைந்து, அங்கேயே முடிவு. அத்திக்குச் செரற்றோசோலென், ஆலுக்கு யூப்ரிஸ்டினா என்று ஏறக்குறைய ஒவ்வொரு மரத்துக்கும் தனிக் குளவி. இவை இல்லாமல் ஆலும் அரசும் விதை வைக்காது. குக்குறுவானுக்கும் வௌவாலுக்கும் பழமும் இருக்காது.

#18 வெள்ளவத்தை_மாடி

மண்கூடு விட்டாச்சு. இப்ப யன்னல் சட்டத்துக்கு மேல #1இல சொன்ன குடைக்கூடு ஒண்டு தொடங்கியிருக்கு, நாலைந்து அறை, பூச்சி ஒண்டுதான் நிக்குது. கிட்டப் போனா சிறகைத் தூக்கி எங்கட பக்கம் திரும்புது.

#19 கூடுபார்ப்பான்

அது "போ" என்று சொல்கிறது. ரொபலிடியா கூட்டில் இருக்கும்போது மட்டும்தான் கொட்டும், ஆனால் தலைக்கு மேல் உள்ள யன்னல் என்றால் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதற்கு அது தாக்குதல். ஒரு பூச்சி மட்டும் இருப்பதால் இப்போதே எடுங்கள், இருபது ஆனபின் அல்ல. இதில் இராணியைத் தேடிப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரொபலிடியா மார்ஜினாட்டாவின் இராணி பார்வைக்கு மற்றவற்றைப் போலவே இருக்கும், சண்டையும் போடாது. பெங்களூரில் ராகவேந்திர கடக்கரின் குழுவினர் இதையே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தார்கள்.

செய்முறை: பகலில் அது உணவு தேடப் போகும் நேரம் பாருங்கள். கூடு தனியாக இருக்கும்போது நீளத் தடியால் காம்போடு சுரண்டி விழுத்துங்கள். காம்பு ஒட்டிய இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். திரும்பி வந்து ஓரிரு நாள் அங்கேயே சுற்றும், அது இயல்பு. மறுபடி தொடங்கினால் மறுபடி எடுங்கள். கொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே பத்துக்கு மேல் இருந்தால் தடியோடு போகாதீர்கள். மாலை மங்கியபின், ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தூரத்திலிருந்து தாரையாக அடிக்கும் போத்தலில் அடியுங்கள். நனைந்தால் சுவாசத்துளை அடைபட்டு விழும். டோர்ச்சைக் கையில் வைக்காமல் பக்கத்தில் தரையில் வைத்துக் கூட்டுப்பக்கம் திருப்புங்கள்.

#20 ஆறுகால்

படம் போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலிருந்து வயிறு, பக்கவாட்டில் இடுப்பு, முன்னிருந்து முகம், கூட்டின் முழுப்படம், இந்த நான்கும் வேண்டும். அளவுக்கு அடிமட்டம் அல்லது ஐந்து ரூபாய்க் குற்றி, செத்த பூச்சி என்றால் மட்டும். தெபராவா, அதன் பெரிய உறவு வெஸ்பா ட்ரொபிக்காவா என்பது வயிற்றின் முதற்கணுவில்தான் தெரியும். அஃபினிஸுக்கு முதல் இரண்டு கணுவும் நிறம், ட்ரொபிக்காவுக்கு முதற்கணு பெரும்பாலும் கருமை, இரண்டாவதில் மட்டும் பட்டி. அது ரொபலிடியா போன்றவற்றின் கூட்டைத் தேடிப் புழுவைக் கொள்ளையடிக்கும், மரப்பொந்திலும் நிலத்துக்குள்ளும் கட்டும். பின்பக்கம் மட்டும் தெரியும் படத்தில் அதைச் சொல்லவே ஏலாது.

செத்ததைக் கடதாசியில் சுற்றிக் கடும் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் உடையாமல் இருக்கும். திகதியும் இடமும் எழுதுங்கள். "வெள்ளவத்தை" என்று மட்டும் போதும், வீட்டு இலக்கம் வேண்டாம்.